வெள்ளைக் கோட்டோடு தெருவில் நிற்கலாமா?

காசா போரை எதிர்த்து நடக்கும் கூட்டத்துக்குக் கல்லூரி ஆசிரியர்கள் போகலாமா என்று போன இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். ‘தாராளமாகப் போகலாம்’ என்று இரண்டு வரியில் முடித்துவிட்டேன். விட்டார்களா? டாக்டர், வக்கீல், எஞ்சினியர் என்று ஆளாளுக்கு எழுதித் தள்ளிவிட்டார்கள். திட்டியவர்களும் உண்டு. பாதிப்பேர் ‘பெயர் போட வேண்டாம்’ என்று கேட்டிருப்பதால் இந்த முறை யார் பெயரையும் போடவில்லை. ஊரும் வேலையும் போதும். நான் காலமெல்லாம் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். உதாரணங்கள் கணக்குக்காரர்கள் பக்கம் கொஞ்சம் சாயத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காசாவில் ஆஸ்பத்திரிகள் தாக்கப்படுவதைக் கண்டித்து நண்பர்கள் சிலர் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு ஒரு கூட்டத்தில் நின்றோம். எங்கள் மூத்த டாக்டர், ‘கோட்டு வார்டுக்கு உரியது, தெருவில் போட்டால் அது வேஷம்’ என்றார். அவர் சொல்வது சரியா அம்மா?
— டாக்டர், திருச்சி

பாதி சரி. தப்பான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். 2024 டிசம்பர் 27 அன்று வடக்கு காசாவின் பெய்ட் லாஹியாவில் கமால் அத்வான் மருத்துவமனையை இஸ்ரேல் ராணுவம் காலி செய்தது. அதன் இயக்குநர் ஹுசாம் அபு சஃபியா, குழந்தை மருத்துவர். இடிபாடுகளுக்கு நடுவே வெள்ளைக் கோட்டோடு ராணுவக் கவச வண்டிகளை நோக்கி அவர் நடந்துபோகும் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தக் கோட்டு தெருவில்தான் இருந்தது. அதை வேஷம் என்று உங்கள் மூத்தவரும் சொல்லமாட்டார்.

சரியான பாதி என்னவென்றால், தெருவில் அந்தக் கோட்டுக்குக் கிடைக்கும் மரியாதை வார்டில் சம்பாதித்தது. அங்கே அதைக் கோட்டைவிட்டால் தெருவில் நின்று பிரயோஜனமில்லை. இஸ்ரேலிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. 1988-ல், ‘இன்டிஃபாடா’ எனப்படும் பாலஸ்தீனியர் எழுச்சி முதன்முதலில் தொடங்கிய சமயம், ருஹாமா மார்ட்டன் என்ற மனநல மருத்துவர் இன்னும் சில டாக்டர்களோடு சேர்ந்து, ‘மனித உரிமைகளுக்கான மருத்துவர்கள்’ என்ற அமைப்பை அங்கே தொடங்கினார். சனிக்கிழமைகளில் மருந்துகளை ஏற்றிக்கொண்டு மேற்குக் கரைக் கிராமங்களுக்குப் போய் வைத்தியம் பார்ப்பது அவர்கள் வழக்கம். ஆக்கிரமிப்பு கூடாது என்று வாயால் சொல்வதும் நடந்தது, கையால் செய்வதும் நடந்தது.

1993-ல் இஸ்ரேலில் ஒரு படிவம் வெளியே வந்து பத்திரிகையில் அச்சானது. விசாரணைக் கைதியைப் பரிசோதிக்கும் டாக்டர் நிரப்ப வேண்டிய படிவம் அது. இவரைத் தனிமையில் அடைப்பதற்கு மருத்துவ ரீதியாகத் தடை உண்டா? கட்டிப்போடுவதற்கு? தலையை மூடுவதற்கு? நெடுநேரம் நிற்கவைப்பதற்கு? கீழே டாக்டரின் கையெழுத்து. அவ்வளவுதான். டாக்டர் யாரையும் அடிக்கவில்லை; ‘தடை இல்லை’ என்று எழுதினால் போதும், மீதியை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். விஷயம் வெளியே வந்து சத்தம் எழுந்ததும், இஸ்ரேல் மருத்துவர் சங்கம் தன் உறுப்பினர்களை இதில் சேரக்கூடாது என்று சொன்னது.

போர் படித்தவர்களிடம் வந்து கேட்பது பெரும்பாலும் இந்த மாதிரி ஒரு கையெழுத்தைத்தான். உங்கள் மூத்தவரிடம் இதைச் சொல்லுங்கள். தெருவில் கோட்டு போட்டால் வேஷமா என்று கேட்பவர், இப்படி ஒரு படிவம் தன் மேசைக்கு வந்தால் என்ன செய்வார் என்றும் கேட்டுப் பாருங்கள். சண்டை போடாமல் கேளுங்கள்.

நான் முகப்பருவுக்கும் படர்தாமரைக்கும் களிம்பு எழுதிக்கொடுப்பவன். சர்ஜனாவது போர்முனைக்குப் போவார். எனக்கும் போருக்கும் என்ன சம்பந்தம்?
— தோல் டாக்டர், நாகர்கோவில்

இப்படிக் கேட்டுவிட்டீர்களே! அமெரிக்காவில் வியட்நாம் போர் சமயத்தில் ராணுவ நீதிமன்றத்துக்குப் போன டாக்டர்களில் பேர்பெற்றவர் ஹவர்ட் லெவி. ப்ரூக்லின்காரர். என்ன டாக்டர் தெரியுமா? தோல் டாக்டர்.

கட்டாயச் சேவையில் அவரை எடுத்து, கேப்டன் ஆக்கி, தென் கரோலினாவில் ஃபோர்ட் ஜாக்சன் முகாம் ஆஸ்பத்திரியில் போட்டார்கள். அங்கே சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்தார். அதில் அவருக்கு ஒரு தகராறும் இல்லை. ‘கிரீன் பெரே’ எனப்படும் சிறப்புப் படையினருக்குத் தோல் வைத்தியம் சொல்லிக்கொடு என்று உத்தரவு வந்தபோதுதான் மாட்டேன் என்றார். காரணம் உங்களுக்கு உடனே புரியும். சொறி சிரங்கு சீக்கிரம் ஆறும். ஆறியது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஒரு கிராமத்தில் நாலு பிள்ளைகளுக்குப் புண் ஆறிவிட்டால் ஊரே மருந்து கொடுத்தவனை நம்பும். நம்பவைத்துவிட்டு அந்தப் படை என்ன செய்யும் என்பதுதான் லெவியின் கவலை. அவர்கள் முதலில் சிப்பாய்கள், அப்புறம்தான் மருந்து கொடுப்பவர்கள். மருத்துவத்தைத் தூண்டில் புழுவாக்க என்னிடம் கற்றுக்கொள்ள வேண்டாம் என்பது அவர் வாதம்.

1967-ல் விசாரணை. நாஜி டாக்டர்கள் மீதான நியூரம்பர்க் வழக்கு வரைக்கும் லெவி தரப்பின் வாதம் போனது. அந்தப் படை போர்க் குற்றம் செய்கிறது என்று நிரூபிக்கச் சாட்சியம் கொண்டுவர அனுமதித்தார்கள். கடைசியில், கொண்டுவந்தது போதாது என்று தள்ளிவிட்டார்கள். மூன்றாண்டு தண்டனை. இரண்டு வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 1974-ல் 5-க்கு 3 என்று அங்கேயும் தோற்றார்.

ஒரு களிம்பு எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொடுக்க மறுத்ததற்கு இவ்வளவும். சம்பந்தம் போதுமா?

வக்கீல், டாக்டர் சரி. கணக்கு வாத்தியார்கள் எதற்குப் போரைப் பற்றிப் பேச வேண்டும்? கணக்கைப் பார்த்தால் போதாதா?
— ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, கும்பகோணம்

எனக்கு வைத்த கேள்வி என்று புரிகிறது. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

மொரீஸ் ஒதேன் என்று ஓர் இளைஞர். வயது 25. அல்ஜியர்ஸ் பல்கலைக்கழகத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர், கம்யூனிஸ்ட், அப்போது பிரான்சின் கீழ் இருந்த அல்ஜீரியாவின் விடுதலையை ஆதரித்தவர். 1957 ஜூன் 11 இரவு பிரெஞ்சு பாராசூட் படையினர் வீட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். மனைவி ஜோசெத்தும் மூன்று சின்னக் குழந்தைகளும் வீட்டில். அதற்குப் பிறகு அவரை வெளியுலகம் பார்க்கவில்லை. ஜீப்பில் கொண்டுபோகும்போது தப்பி ஓடிவிட்டார் என்றது ராணுவம். இந்த ‘தப்பி ஓட்டம்’ நமக்குப் பழக்கமான கதைதானே.

ஒதேன் முனைவர் பட்ட ஆய்வைக் கிட்டத்தட்ட முடித்து வைத்திருந்தார். வெக்டர் வெளிகளில் நேரியல் சமன்பாடுகள் பற்றியது. பாரிசில் அவருடைய ஆய்வைப் பார்த்துக்கொண்டிருந்தவர் லோரான் ஷ்வார்ட்ஸ். எம்.எஸ்ஸி. படித்தவர்களுக்குப் பெயர் தெரிந்திருக்கும். 1950-ல் கணிதத்தின் உயர்ந்த விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கியவர், நான் வகுப்பில் பலகை நிறைய எழுதிப்போட்ட கோட்பாட்டுக்குச் சொந்தக்காரர். அவரும் நண்பர்களும் என்ன செய்தார்கள்? ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வை நடத்திவிட்டார்கள். 1957 டிசம்பர் 2, சொர்போன் பல்கலைக்கழகம். தேர்வுக் குழு முறைப்படி உட்கார்ந்தது: ஃபவார் தலைவர், ஷ்வார்ட்ஸ், டிக்ஸ்மியே. ஆய்வாளர் நிற்க வேண்டிய இடத்தில் ஆய்வாளர் இல்லை. அவருடைய அல்ஜியர்ஸ் பேராசிரியர் தெ போஸ்ஸெல் அவருக்குப் பதிலாகக் கரும்பலகை முன்னால் நின்று தேற்றங்களை விளக்கினார். அரங்கம் நிறைந்த கூட்டம். முடிவில் பட்டம் வழங்கப்பட்டது.

கோஷம் இல்லை, தட்டி இல்லை. ஒரு பல்கலைக்கழகம் எப்போதும் செய்யும் வேலையை, விதிப்படி, ஓர் எழுத்து பிசகாமல் செய்தார்கள். அரசாங்கம் ‘ஓடிப்போனவன்’ என்று சொன்ன ஆளை, ‘வரவேண்டியவர் வரவில்லை, எங்கே?’ என்று எல்லோர் முன்னாலும் கேட்டாயிற்று. நான் படித்தவரையில் படித்தவர்கள் நடத்திய போராட்டங்களில் இதற்கு மேல் ஒன்று இல்லை.

ஷ்வார்ட்ஸ் அதோடு நிற்கவில்லை. அல்ஜீரியப் போருக்குப் போக மறுக்கும் உரிமையை ஆதரித்து 1960 செப்டம்பரில் 121 பேர் கையெழுத்திட்ட அறிக்கை வந்ததில் அவரும் ஒருவர். அப்போது அவர் எகோல் பாலிடெக்னிக்கில் பேராசிரியர். அது ராணுவ அமைச்சகத்தின் கீழ் இருக்கும் பள்ளி. அமைச்சர் மெஸ்மர், இப்படிக் கையெழுத்துப் போட்டவர் இங்கே கற்பிப்பது மானத்துக்கே இழுக்கு என்கிற ரீதியில் கடிதம் எழுதி வேலையை விட்டு நீக்கினார். ஷ்வார்ட்ஸ் பதில் எழுதினார். என் மாணவன் சித்திரவதையில் கொல்லப்பட்டான், அந்த விவகாரத்தில் பெயர் அடிபட்ட அதிகாரிகளுக்குப் பதக்கம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டது நீங்கள், உங்களிடமிருந்து வரும் மானப் பாடம் என்னை ஒன்றும் செய்யாது என்பது அதன் சாரம். சில வருடங்களில் அதே பள்ளிக்கு அவர் திரும்பிப் போய்ப் பாடம் நடத்தினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2018 செப்டம்பர் 13 அன்று பிரெஞ்சு அதிபர் மக்ரோன், ஜோசெத் ஒதேனின் வீட்டுக்கே போனார். கைது செய்த ராணுவத்தினரின் சித்திரவதையில்தான் ஒதேன் இறந்தார், அல்லது சித்திரவதைக்குப் பின் கொல்லப்பட்டார், அதற்கு இடம் கொடுத்தது அரசின் ஏற்பாடு என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். 61 வருடம் கழித்து. ஜோசெத் அடுத்த பிப்ரவரியில் காலமானார்.

கணக்கைப் பார்த்தால் போதாதா என்றீர்கள். அவர்கள் கணக்கைத்தான் பார்த்தார்கள் சார்.

மென்பொருள் எழுதுகிறோம். நாங்கள் எழுதுவது எங்கே போய்ச் சேர்கிறது என்று எங்களுக்கே தெரியாது. நாங்கள் எதை எதிர்ப்பது?
— ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

தெரியாது என்பதையே முதலில் எதிர்க்கலாம். 2018-ல் கூகுள் ஊழியர்களுக்கு ‘மேவன்’ என்ற திட்டம் பற்றித் தெரியவந்தது: டிரோன் எடுக்கும் படங்களில் உள்ளதைக் கணினியே அடையாளம் காண அமெரிக்க ராணுவத்துக்கு உதவும் வேலை. ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டுக் கடிதம் கொடுத்தார்கள், சிலர் வேலையை விட்டார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கமாட்டோம் என்று ஜூன் மாதம் கம்பெனி சொன்னது.

2024 ஏப்ரலில் கதை மாறிவிட்டது. இஸ்ரேல் அரசுக்கு கூகுளும் அமேசானும் கணினிச் சேவை தரும் ‘நிம்பஸ்’ ஒப்பந்தம், 120 கோடி டாலர். அதை எதிர்த்து நியூயார்க்கிலும் கலிஃபோர்னியாவின் சன்னிவேலிலும் அலுவலகத்துக்குள் உட்கார்ந்தவர்களில் ஒன்பது பேரைப் போலீஸ் பிடித்தது. மறுநாள் 28 பேருக்கு வேலை போனது, அப்புறம் இன்னும் சிலருக்கு. ஆயுதங்களுக்கு எங்கள் செயற்கை நுண்ணறிவைத் தரமாட்டோம் என்று 2018-ல் கொடுத்த வாக்குறுதியையும் 2025 பிப்ரவரியில் கம்பெனி தன் கொள்கையிலிருந்து எடுத்துவிட்டது.

ஒரே கம்பெனி, ஒரே மாதிரிக் கோரிக்கை. முதல் தடவை ஆயிரக்கணக்கில் கையெழுத்து இருந்தது, ஆள் கிடைக்காத காலமும் கூட. இரண்டாம் தடவை உட்கார்ந்தவர்கள் கொஞ்சம் பேர், வெளியே ஆட்குறைப்புக் காலம். தனியாகத் தைரியம் காட்டுவதற்கு முன்னால் பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் பேசுங்கள் தம்பி. கேன்டீனில் பேசுங்கள், ஆபீஸ் சாட்டில் வேண்டாம்.

ஒரு பக்கத்தை மட்டும் கண்டிக்கிறீர்களே, மற்ற பக்கம் செய்வது கண்ணில் படவில்லையா?
— கட்டடப் பொறியாளர், கோவை

இந்த வாரம் அதிகம் பேர் கேட்டது இதைத்தான். இரண்டு பக்கத்தையும் கண்டித்தவர்களுக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

ஸ்டீவ் ஸ்மேல், பெர்க்லி கணிதப் பேராசிரியர், அங்கே வியட்நாம் போர் எதிர்ப்பை ஒருங்கிணைத்தவர்களில் ஒருவர். 1966-ல் மாஸ்கோவில் ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கினார். அங்கேயே, மாஸ்கோ பல்கலைக்கழகப் படிக்கட்டில் நின்று நிருபர்களிடம் பேசினார். வியட்நாமில் அமெரிக்கா செய்வதைக் கண்டித்தார். சோவியத்காரர்கள் சந்தோஷப்படுவதற்குள், பத்து வருடம் முன்னால் ஹங்கேரிக்குள் படையை அனுப்பி நீங்கள் செய்ததும் அதேதான் என்றார். உடனே ஒரு காரில் ஏற்றி ஊர் சுற்றிக்காட்டக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஊருக்குத் திரும்பினால், அவருடைய ஆராய்ச்சி மானியத்துக்குத் தகராறு.

நம் பக்கத்திலேயே உண்டு. இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில், மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் என்ற அமைப்பு அங்கே உருவானது. அமைத்தவர்களில் ஒருவர் ரஜனி திராணகம, யாழ். மருத்துவபீடத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவர். வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் பேசி எழுதினார்கள். இந்தியப் படை செய்ததும் வந்தது, இலங்கை அரசு செய்ததும் வந்தது, புலிகளும் மற்ற இயக்கங்களும் செய்ததும் வந்தது. 1989 செப்டம்பர் 21, வளாகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் ரஜனியைச் சுட்டுக் கொன்றார்கள். புலிகள்தான் சுட்டார்கள் என்று அவருடைய குடும்பத்தாரும் சக ஆசிரியர்களும் சொல்லிவந்திருக்கிறார்கள். வயது 35.

ஆகவே சார், இரண்டு பக்கத்தையும் பேசுங்கள் என்று நீங்கள் சொல்வதை நான் மனதார ஏற்கிறேன். அதை முதலில் செய்பவர் நீங்களாக இருந்தால் நன்றாக இருக்கும். அடுத்தவர் வாயை மூடுவதற்கு மட்டும் இந்தக் கேள்வியை எடுக்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

எங்கள் கல்லூரி வாசலில் ஏழெட்டுப் பேர் தட்டி பிடித்து நின்றோம். போகிறவர்கள் சிரித்தார்கள். இதனால் எந்தப் போர் நின்றிருக்கிறது?
— மாணவி, தூத்துக்குடி

எந்தப் போரும் நின்றதில்லை. எட்டுப் பேர் என்றதும் எனக்கு மாஸ்கோ ஞாபகம் வருகிறது.

1968 ஆகஸ்ட் 20 இரவு சோவியத் டாங்கிகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்தன. 25-ஆம் தேதி நண்பகல் செஞ்சதுக்கத்தில் எட்டுப் பேர் வந்து உட்கார்ந்தார்கள். மொழியியலாளர்கள் லாரிஸா போகரஸ், கான்ஸ்டான்டின் பாபிட்ஸ்கி, முன்னாள் சோவியத் வெளியுறவு அமைச்சரின் பேரனான இயற்பியல் ஆசிரியர் பாவெல் லித்வினோவ், கவிஞர்கள் இருவர், ஒரு தொழிலாளி, விக்டர் ஃபைன்பெர்க் என்பவர், ஒரு மாணவி. கவிஞர் நதால்யா கோர்பனேவ்ஸ்கயா மூன்று மாதக் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக் கூட்டிவந்தார். துணியில் எழுதிய பதாகைகளும் சின்ன செக் கொடியும் அந்த வண்டிக்குள்தான் வந்தன. ‘உங்கள் விடுதலைக்கும் எங்கள் விடுதலைக்கும்’ என்பது ஒன்று. சில நிமிடம்தான். சாதாரண உடையில் நின்றவர்கள் ஓடிவந்து துணிகளைப் பிடுங்கினார்கள், அடித்தார்கள். ஃபைன்பெர்கின் முன்பற்கள் போயின.

மாணவியை மட்டும் ‘இவள் தற்செயலாக வந்தவள்’ என்று மற்றவர்கள் சொல்லிக் காப்பாற்றிவிட்டார்கள். லித்வினோவுக்கு ஐந்து வருடம் நாடுகடத்தல் (வெளிநாட்டுக்கு இல்லை, சோவியத்துக்குள்ளேயே தொலைதூர ஊருக்கு), போகரஸுக்கு நாலு, பாபிட்ஸ்கிக்கு மூன்று. இரண்டு பேர் முகாமுக்கு. குற்றச்சாட்டுகளில் ஒன்று போக்குவரத்துக்கு இடையூறு! பல் போன ஃபைன்பெர்கைக் கோர்ட்டில் நிறுத்தாமல் மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கோர்பனேவ்ஸ்கயாவையும் அடுத்த வருடம் பிடித்து அப்படியே செய்தார்கள்.

இங்கே மறுபடி அந்தக் கையெழுத்து வருகிறது பாருங்கள். ஆளைப் பைத்தியம் என்று அடைக்க வேண்டுமென்றால் ஒரு மனநல டாக்டர் எழுதிக்கொடுக்க வேண்டும். ‘மந்தகதி மனச்சிதைவு’ என்று சோவியத் மனநலத் துறையில் ஒரு நோய்க்குறி இருந்தது. அரசை எதிர்ப்பவருக்கு அது சரியாகப் பொருந்தும். எழுதிக்கொடுத்த பேராசிரியர்கள் பதவியில் நன்றாகவே இருந்தார்கள். செமியோன் குளுஸ்மன் என்று கீவ் நகரத்து இளம் டாக்டர், வயது முப்பதுகூட இல்லை, ஜெனரல் கிரிகொரென்கோ என்ற எதிர்ப்பாளருக்கு அடைத்துவைக்கும்படியான நோய் எதுவும் இல்லை என்று ஆவணங்களைப் பார்த்து மாற்று அறிக்கை எழுதினார். ஏழு வருடம் முகாம், மூன்று வருடம் நாடுகடத்தல். அதே காலத்தில் லியோனித் ப்ளியுஷ்ச் என்ற கணிதக்காரரையும் மனநலச் சிறையில் போட்டு ஊசி போட்டார்கள். அவருக்காகப் பாரிசில் குழு அமைத்துக் கத்தியவர்களில் யார் இருந்தார்? மேலே சொன்ன அதே ஷ்வார்ட்ஸ். 1976 ஜனவரியில் ப்ளியுஷ்ச் வெளியே வந்து பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தார். 1983-ல், வெளியேற்றுவார்கள் என்று தெரிந்ததும், சோவியத் மனநல மருத்துவர் சங்கமே உலக அமைப்பிலிருந்து தானாக விலகியது.

டாங்கிகள் ப்ராகிலிருந்து போகவில்லை. அதற்கு இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. சிரித்தவர்களைப் பற்றிக் கவலை வேண்டாம், சிரிப்போடு போனார்களே என்று சந்தோஷப்படுங்கள்.

2009-ல் ஈழப் போரை நிறுத்தச் சொல்லி தமிழ்நாட்டு வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தைப் புறக்கணித்தோம். அதில் நானும் இருந்தேன். அது சரியான வழி என்று நினைக்கிறீர்களா?
— வழக்கறிஞர், மதுரை

உங்கள் கோபம் சரி. புறக்கணிப்பு பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. அந்தப் பிப்ரவரி 19-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் போலீஸ் அடித்த அடி பேசப்பட்டது. நின்றுபோன வழக்குகளில் ஜாமீனுக்குக் காத்திருந்த ஆளைப் பற்றி யாரும் பேசவில்லை. கொழும்புக்கும் டில்லிக்கும் அவனால் என்ன நஷ்டம்? வழக்கறிஞர்கள் வேலைநிறுத்தமோ புறக்கணிப்போ செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே ஹரீஷ் உப்பல் வழக்கில் சொல்லிவிட்டது. கைப்பட்டை அணியலாம், அறிக்கை விடலாம், வளாகத்துக்கு வெளியே ஊர்வலம் போகலாம் என்று அதே தீர்ப்பு வழியும் சொல்கிறது.

உங்கள் தொழிலிலேயே வேறு மாதிரி செய்தவர்களைப் பாருங்கள். செஞ்சதுக்க வழக்கில் லித்வினோவுக்காக வாதாடியவர் தீனா கமீன்ஸ்கயா. தண்டனை முன்கூட்டியே முடிவான கோர்ட். உள்ளே போய், இதில் குற்றமே இல்லை, விடுவியுங்கள் என்று வாதாடினார். 1977-ல் வக்கீல் குழுவை விட்டு நீக்கி, நாட்டை விட்டே போகவைத்தார்கள். பிரிட்டனில் எலிசபெத் வில்ம்ஸ்ஹர்ஸ்ட், வெளியுறவுத் துறையின் துணைச் சட்ட ஆலோசகர். ஈராக் மீது படையெடுப்பது சட்டத்துக்கு விரோதம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு 2003 மார்ச்சில், போர் தொடங்குகிற நேரத்தில், வேலையை விட்டார். ஏறக்குறைய முப்பது வருடச் சர்வீஸ்.

அரசு ஊழியர் ஊர்வலம் போனால் வேலை போகுமா?
— வருவாய்த் துறை ஊழியர், விழுப்புரம்

ஆர்ப்பாட்டம் என்ற எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாகத் தடைசெய்யும் நடத்தை விதி செல்லாது என்று 1962-ல் காமேஷ்வர் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வேலைநிறுத்தத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அரசின் கொள்கையை, வெளிநாட்டு உறவு உட்பட, பொதுவெளியில் விமர்சிக்கக்கூடாது என்ற விதியும் மத்திய அரசு ஊழியர்களுக்கு இருக்கிறது. அதனால் லீவு போட்டுவிட்டுப் போங்கள், துறையின் பெயரை இழுக்காதீர்கள், பேசுவதற்கு முன் உங்கள் சங்கத்து வக்கீலைக் கேளுங்கள். நான் கணக்கு டீச்சர், சட்டத்துக்கு என்னை நம்பாதீர்கள்.

ஊருக்கு உபதேசம் சரி, நீங்கள் எப்போதாவது தெருவில் நின்றிருக்கிறீர்களா?
— இல்லத்தரசி, சேலம்

நின்றிருக்கிறேன். 2003-ல் ஈராக் போர் தொடங்கிய வாரம், ஆசிரியர்கள் சிலர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் பதாகை பிடித்தோம். கல்லூரி பெயரை ஏன் பயன்படுத்தினீர்கள் என்று எனக்கு மெமோ வந்தது. பதாகையில் கல்லூரி பெயரே கிடையாது. அதையே பதிலாக எழுதிக் கொடுத்தேன், அதோடு முடிந்தது. அந்த வருடம் எனக்கு வரவேண்டிய ஒரு பொறுப்பு வேறொருவருக்குப் போனதற்கும் இதுதான் காரணம் என்று சொல்ல ஆசைதான். நிரூபிக்க முடியாததை எழுதாதே என்று பிள்ளைகளைக் காலமெல்லாம் மிரட்டியவள் அதைச் சொல்லக்கூடாது.

என் மகள் பல் மருத்துவம் கடைசி வருடம். காசாவுக்காக அட்டை பிடித்து நிற்கும் அவள் படம் எல்லா இடத்திலும் சுற்றுகிறது. மேற்படிப்புக்கு அமெரிக்கா போக ஆசைப்படுகிறாள். படத்தை எடுக்கச் சொல்லி அவள் தோழிகளிடம் அவளுக்குத் தெரியாமல் பேசிக்கொண்டிருக்கிறேன். நான் செய்வது தவறா?
— தந்தை, ஈரோடு

உங்கள் பயத்தில் தவறில்லை. மாணவர் விசா கேட்பவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்துவைக்க வேண்டும் என்று 2025 ஜூனில் அமெரிக்க வெளியுறவுத் துறை அறிவித்தது. படம் ஒரு பிரச்சனையாகவே ஆகலாம். ஆகாமலும் போகலாம். நான் மேலே சொன்ன யாருக்கும் இலவசமாக எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் லெவியானாலும் குளுஸ்மன் ஆனாலும் என்ன விலை என்று தெரிந்தே கொடுத்தார்கள். அந்த விவரம் உங்கள் மகளுக்கும் வேண்டும். விசா விதியை அச்செடுத்து அவள் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். படம் இருக்கட்டுமா, எடுக்கட்டுமா என்பதை அவள் முடிவு செய்யட்டும். தோழிகளுக்கு ஃபோன் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். அது எப்படியும் அவள் காதுக்குப் போகும், அப்புறம் வீட்டில் உங்களோடு பேசமாட்டாள். மற்ற நாடுகளுக்கும் சேர்த்து விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். விண்ணப்பக் கட்டணம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேட்பார்கள், அதற்குப் பணம் எடுத்துவையுங்கள்.